படகில் ஒரு பொத்தான், ஏரிக்கு அப்பால் ஒரு ராக்கெட்

பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகும் ஃபைபர் படகில் வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன், குடிதண்ணீர் இவற்றோடு இப்போது இரண்டு மூன்று கணினிகளும் சேர்ந்தே போகின்றன. அவற்றை யாரும் கணினி என்று அழைப்பதில்லை. இடம் காட்டும் ஜிபிஎஸ், கரையோடு பேச ஒரு வயர்லெஸ் செட், பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி வைத்த செல்பேசி. ஒவ்வொன்றின் உள்ளேயும் விரல் நகத்தைவிடச் சிறிய நுண்செயலி வேலை செய்துகொண்டிருக்கிறது.

கடலில் தொழில் செய்யும் படகுகளுக்காக இஸ்ரோ உருவாக்கிய கருவி ஒன்று உண்டு. அபாய அறிவிப்புக் கருவி, சுருக்கமாக ‘டாட்’. 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இஞ்சின் நின்றுவிட்டது, படகில் தண்ணீர் ஏறுகிறது, யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்றால் அதில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். எந்தப் படகு, எங்கே நிற்கிறது என்ற செய்தி செயற்கைக்கோள் வழியாக பெங்களூரில் இருக்கும் இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தைச் சேரும். 2024 ஜனவரியில் இதன் இரண்டாம் தலைமுறையை இஸ்ரோ அறிமுகப்படுத்தியபோது, பழைய கருவிகள் 20,000-க்கு மேல் பயன்பாட்டில் இருந்தன. புதியதில் ஒரு பெரிய முன்னேற்றம்: அழுத்தியவருக்கு ‘உங்கள் செய்தி வந்து சேர்ந்தது’ என்ற பதில் கடலுக்கே திரும்பி வரும். நடுக்கடலில் தனியாக நிற்கிறவருக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய தைரியம் என்பதைக் கரையில் இருக்கிற நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வகைக் கருவியின் பொத்தானை ஒருவர் தம் ஆயுளில் ஒருமுறைகூட அழுத்தாமல் போகலாம். ஆனால் அழுத்துகிற அந்த ஒரு தடவை அது வேலை செய்தே ஆக வேண்டும். அப்படியானால் அழுத்தாத காலமெல்லாம் உள்ளே இருக்கும் நுண்செயலி என்ன செய்கிறது?

முதலில் தோன்றும் வழி, பொத்தானைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருப்பது. ‘அழுத்தினார்களா? இல்லை. அழுத்தினார்களா? இல்லை.’ விநாடிக்கு லட்சக்கணக்கான முறை கேட்கலாம். நுண்செயலிக்கு அலுப்பு கிடையாது. பொறியாளர்கள் இதை போலிங் என்பார்கள். இதில் சிக்கல் மின்கலம்தான். 2,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் நுண்செயலி 10 மில்லி ஆம்பியர் இழுத்தால் 200 மணி நேரத்தில், அதாவது எட்டே நாளில் மின்கலம் காலி. அதே நுண்செயலி தூங்கும்போது 10 மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கிறது என்றால் கணக்குப்படி இருபது வருடத்துக்கு மேல் வரும். மின்கலம் தானாகக் கெடுவதைத்தான் நாம் கவனிக்க வேண்டியிருக்கும். ஆகவே கடலில் போகும் கருவி தூங்கியே ஆக வேண்டும். தூங்குகிறது எப்படிக் கேட்கும்? கேட்காது. அதை எழுப்பியாக வேண்டும். எழுப்புவதற்கென்றே சில்லுக்குள் தனிக் கம்பிப் பாதை போட்டிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் இன்டரப்ட். நாம் குறுக்கீடு என்று வைத்துக்கொள்வோம்.

பொத்தானை அழுத்திய கணத்தில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சிறு கருவிகளில் மிகப் பரவலாக இருக்கும் ஆர்ம் கார்டெக்ஸ்-எம் வகை நுண்செயலியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பொத்தானின் உலோகத் தகடு தொட்டதும், அதோடு இணைந்த சில்லின் உலோகக் கால் ஒன்றின் மின்னழுத்தம் மாறுகிறது. குறுக்கீட்டுக் கட்டுப்பாட்டுச் சுற்று அதைக் கவனித்து, மையச் செயலியைத் தட்டுகிறது. செயலி அப்போது வேறு ஏதோ கணக்கில் இருக்கலாம். கையில் இருக்கும் கட்டளையை முடித்துக்கொண்டு (நீளமானது என்றால் பாதியில் விட்டுவிட்டு) அடுத்து எந்தக் கட்டளைக்குப் போகவிருந்தது என்ற முகவரியையும், கணக்கின் இடைநிலை மதிப்புகள் கிடக்கும் ரிஜிஸ்டர்களையும் நினைவகத்தில் அடுக்கி வைக்கிறது. மொத்தம் எட்டு மதிப்புகள், 32 பைட். இதை மென்பொருள் செய்வதில்லை; வன்பொருளே செய்துவிடுகிறது. அதே நேரத்தில் முகவரிப் பட்டியல் ஒன்றைப் பார்த்து, ‘இந்தக் குறுக்கீடு வந்தால் இங்கே போ’ என்று எழுதியிருக்கும் இடத்துக்குத் தாவுகிறது. தாவிய இடத்தில் இருக்கும் சிறு நிரல்தான் ஹேண்ட்லர். கார்டெக்ஸ்-எம்3, எம்4 வகைகளில் தட்டியதிலிருந்து ஹேண்ட்லரின் முதல் கட்டளை வரை ஆகும் நேரம் 12 கடிகாரத் துடிப்புகள். 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் சில்லில் இது ஒரு மைக்ரோ விநாடியின் முக்கால் பங்கு. ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தால் கடிகாரம் நிலைபெறக் கொஞ்சம் கூடுதலாகும். அலை ஒன்று படகில் மோதித் திரும்புவதற்குள் இதைப் போல லட்சம் முறை நடந்துவிடலாம்.

எழுப்புவதில் பெரிய வித்தை இல்லை. திரும்பி வருவதில்தான் இருக்கிறது. பனைமர நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்கிறவரைக் கவனியுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால், எந்தக் கண்ணியில் நிறுத்தினாரோ அந்தக் கண்ணியிலேயே ஊசியைச் செருகிவிட்டு எழுந்து போவார். திரும்பி வந்ததும் ஊசி சொல்லிவிடும், வேலை எங்கே நின்றதென்று. ஊசியைச் செருகாமல் போனால் வலை முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும். தவறான கண்ணியில் முடிச்சு விழுந்தால் வலையே கோணிப்போகும். நுண்செயலி அடுக்கி வைக்கும் அந்த எட்டு மதிப்புகள்தான் செருகிய ஊசி. ஹேண்ட்லர் முடிந்ததும் அடுக்கிலிருந்து எல்லாம் பழைய இடத்துக்கு வருகின்றன. நின்ற கணக்கு, தான் நின்றதே தெரியாமல் தொடர்கிறது.

கடலில் இந்த ஏற்பாட்டுக்கு வரும் முதல் சோதனை, பொத்தானே. எந்த இயந்திரப் பொத்தானும் ஒரே தடவையில் சுத்தமாகத் தொட்டு நிற்காது. உலோகத் தகடுகள் சில மில்லி விநாடிகளுக்குத் துள்ளித் துள்ளித் தொடும். நமக்கு அது ஒரு அழுத்தல். நுண்செயலிக்குப் பத்து இருபது குறுக்கீடுகள். உப்புக் காற்று தகட்டில் துரு ஏற்றினால் துள்ளல் இன்னும் மோசமாகும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், உள்ளே கசிந்த சில சொட்டுகள் யாரும் அழுத்தாத பொத்தானை அழுத்தியதாகக் காட்டவும் கூடும். பொய்யான அபாயச் செய்தி போனால் மீட்புக் கப்பல் வீணாகக் கிளம்பும். அடுத்த முறை உண்மையான செய்தி வரும்போது ஒரு நொடி சந்தேகம் வரும். அதனால் நல்ல கருவி குறுக்கீடு வந்த உடனே செய்தியை அனுப்பிவிடாது. விழித்துக்கொண்டு, ஒரு டைமரை ஓட விட்டு, பொத்தான் இரண்டு மூன்று விநாடி தொடர்ந்து அழுத்தப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும். எழுப்புவது குறுக்கீடு, உறுதிசெய்வது பழைய போலிங். இரண்டும் சேர்ந்துதான் நல்ல வடிவமைப்பு.

ஒரே நேரத்தில் பல குறுக்கீடுகள் வந்தால்? வரும். ஜிபிஎஸ் பகுதி தன் செய்தியை எழுத்து எழுத்தாக அனுப்புகிறது. பல ஜிபிஎஸ் சில்லுகளில் இயல்பாக அமைந்திருக்கும் வேகம் விநாடிக்கு 9,600 பிட். ஒரு எழுத்துக்குப் பத்து பிட் என்று வைத்தால், ஏறக்குறைய ஒரு மில்லி விநாடிக்கு ஒரு எழுத்து வந்து விழும். எளிய சில்லுகளில் அதைத் தாங்கும் பெட்டி ஒரே ஒரு எழுத்துக்குத்தான். அடுத்தது வருவதற்குள் எடுக்காவிட்டால் ஒன்று தொலைந்துபோகும். அதனால்தான் குறுக்கீடுகளுக்கு முன்னுரிமை எண் கொடுக்கிறார்கள். உயர்ந்தது வந்தால் தாழ்ந்ததன் ஹேண்ட்லரையே நிறுத்திவிட்டு முன்னால் போகலாம். அதனால்தான் ஹேண்ட்லர் குறுகியதாக இருக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எழுத்தை எடு, ஓரமாக வை, ‘வந்திருக்கிறது’ என்று ஒரு கொடியை ஏற்று, வெளியேறு. செயற்கைக்கோளுக்குச் செய்தி தயாரிப்பது, திரையில் எழுதுவது போன்ற நீண்ட வேலையெல்லாம், நிரல் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் மையச் சுழலில் நிதானமாக நடக்கட்டும்.

இப்படி ஓரமாக வைத்த தகவலை எடுக்கும்போதுதான் மிகக் கள்ளமான பிழை ஒளிந்திருக்கிறது. படகு வடக்கு நோக்கிப் போகிறது. அட்சரேகை 13 பாகை 25.99 கலை. கருவி கலையின் முழு எண்ணை ஒரு இடத்திலும் தசமப் பகுதியை இன்னொரு இடத்திலும் வைத்திருக்கிறது. மையச் சுழல் முழு எண்ணைப் படிக்கிறது: 25. சரியாக அந்த நொடியில் ஜிபிஎஸ் குறுக்கீடு வந்து புது இடத்தைப் பதிகிறது: 26.00. ஹேண்ட்லர் முடிந்து மையச் சுழல் தொடர்ந்து தசமப் பகுதியைப் படிக்கிறது: .00. இரண்டையும் சேர்த்தால் 13 பாகை 25.00 கலை. ஒரு கலை என்றால் ஒரு கடல் மைல், 1.85 கிலோமீட்டர். கருவி பழுதில்லை, ஜிபிஎஸ் பழுதில்லை, நிரலின் ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் படகு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தெற்கே இருப்பதாகச் செய்தி போகிறது. இரவில், அலை எழும் கடலில், நீரில் தத்தளிக்கும் மூன்று பேரைத் தேடும்போது இரண்டு கிலோமீட்டர் என்பது உயிர்.

இதற்குத் தீர்வு எளிது: இரண்டு பகுதியையும் படித்து முடிக்கும் வரை சில மைக்ரோ விநாடிகளுக்குக் குறுக்கீட்டைத் தடுத்து வைக்கலாம், அல்லது இரண்டு முறை படித்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஆனால் பிழையைக் கண்டுபிடிப்பது எளிதில்லை. குறுக்கீடு அந்தச் சில கட்டளைகளின் நடுவே, அதுவும் படகு கலை எல்லையைக் கடக்கும் நொடியில் வந்தால்தான் தெரியும். ஆய்வகத்தில் மாதக்கணக்கில் ஓட்டினாலும் தலைகாட்டாமல் இருக்கலாம். தலைகாட்டிய பிறகு மறுபடி வரவழைக்கவும் முடியாது.

இந்தப் பயம் குறுக்கீட்டின் வயதே ஆனது. 1957 வாக்கில் டச்சு நாட்டின் ஆம்ஸ்டர்டாமில் எக்ஸ்1 என்ற கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். வன்பொருளைக் கட்டிய லூப்ஸ்ட்ரா, ஷோல்டன் இருவரும் அதில் குறுக்கீடு வேண்டும் என்றார்கள். மென்பொருள் எழுத வேண்டியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பிற்காலத்தில் கணினி அறிவியலின் பெரும் பெயர்களில் ஒருவரானவர். அவர் கலங்கிப்போனார். எந்தக் கணத்தில் வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் நடுவில் புகலாம் என்றால், ஒரே நிரல் இருமுறை ஒரே மாதிரி ஓடும் என்ற உறுதியே போய்விடுமே? மூன்று மாதம் முடிவைத் தள்ளிப்போட்டதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு ஒப்புக்கொண்டு, அதைப் பாதுகாப்பாகக் கையாளும் முறையை உருவாக்கினார். 1959-இல் அவர் பெற்ற முனைவர் பட்டத்தின் ஆய்வுப்பொருளும் அதுதான். பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்துக்கொண்டிருந்த டச்சுக்காரர்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர்களின் கல்லறைகள் ஊருக்குள் இன்றும் இருக்கின்றன. அந்த நாட்டிலிருந்து நம் படகுகளுக்கு உண்மையில் பயன்படும் சரக்கு வந்து சேர்ந்தது முந்நூற்று ஐம்பது வருடம் கழித்து என்பேன்.

இதுவரை சொன்னவை எல்லாம் வெளியிலிருந்து வரும் தட்டல்கள். பொத்தான், ஜிபிஎஸ், டைமர். செயலி செய்யும் கணக்குக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. இன்னொரு வகை, உள்ளிருந்தே எழுவது. செயலி நிறைவேற்றப் போன கட்டளையே நிறைவேற்ற முடியாததாக இருக்கும்: இல்லாத நினைவக முகவரியைப் படிக்கச் சொல்லும், அல்லது கட்டளையே அல்லாத ஏதோ எண் கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் கிடக்கும். இதை எக்ஸெப்ஷன், அதாவது விதிவிலக்கு என்பார்கள். செயலி நடந்துகொள்ளும் விதம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே: இடத்தைக் குறித்துக்கொண்டு, பட்டியலைப் பார்த்து, ஹேண்ட்லருக்குத் தாவுவது. வேறுபாடு அதற்குப் பிறகுதான். குறுக்கீட்டுக்குப் பிறகு நிம்மதியாக நின்ற இடத்துக்குத் திரும்பலாம். விதிவிலக்கில் திரும்பினால், நிறைவேற்ற முடியாத அதே கட்டளை அங்கே காத்திருக்கிறது.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் என்ற பொதுக் கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுகின்றன. அதில் இந்த ஏற்பாடு பார்க்கவே தெளிவாக இருக்கிறது. நின்ற முகவரியை வைக்க ஒரு ரிஜிஸ்டர், தாவ வேண்டிய இடத்துக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று. காரண ரிஜிஸ்டரின் உச்சி பிட் 1 என்றால் குறுக்கீடு, 0 என்றால் விதிவிலக்கு. மீதி பிட்டுகளில் காரண எண்: விதிவிலக்கு எண் 2 என்றால் செல்லாத கட்டளை, 5 என்றால் படிக்க முடியாத நினைவகம். இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பூஜ்ஜியத்தால் வகுத்தால் ரிஸ்க்-ஃபைவ் செயலி விதிவிலக்கே எழுப்பாது. எல்லா பிட்டும் 1 ஆன ஒரு விடையைத் தந்துவிட்டுப் பேசாமல் போய்விடும். கார்டெக்ஸ்-எம்3-இல் தனியாகக் கேட்டு வைக்காவிட்டால் விடை பூஜ்ஜியம். ஜிபிஎஸ் ஒரே நேர முத்திரையோடு இரண்டு இடத்தை அனுப்பிவிட்டால், தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுத்து வேகம் காணும் நிரல் இந்தப் பள்ளத்தில் விழும், சில்லு எச்சரிக்காது. எதைத் தவறு என்று எண்ணுவது என்பதே வடிவமைத்தவர் எடுத்த முடிவு, இயற்கை விதி அல்ல.

தவறு என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? அதற்கு ஏரிக்கு அப்பால் பார்க்க வேண்டும். பழவேற்காட்டு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பக்கக் கடலுக்குப் போகக் கூடாது என்று குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். அன்றைக்குத் தொழில் இல்லை. 2022 ஆகஸ்ட் 7 காலை 9.18-க்கு எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட் முதன்முறையாக அங்கிருந்து கிளம்பியது. மோட்டார்கள் எல்லாம் நன்றாகவே எரிந்தன. இரண்டாம் கட்டம் பிரியும்போது மட்டும் கருவிகள் இருந்த தட்டில் மிகக் குறுகிய நேரத்துக்குப் பலமான அதிர்வு. முடுக்கத்தை அளக்கும் உணரிகள் அந்தக் கணத்தில் எல்லை மீறிய அளவைக் காட்டின. பழுதைக் கண்டறிந்து ஒதுக்கும் மென்பொருள் அதைப் பார்த்து, உணரிகள் கெட்டுவிட்டன என்று முடிவுகட்டியது. ராக்கெட் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் நிலைக்கு மாறியது. உணரிகள் உண்மையில் கெடவில்லை. 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு முனை 76 கிலோமீட்டருக்கு இறங்கும் நீள்வட்டத்தில் அது சுமந்த இரண்டு செயற்கைக்கோள்களும் விடப்பட்டன. அந்த உயரத்தில் காற்று பிடித்து இழுத்துவிடும், இரண்டும் கைவிட்டுப்போயின. பிரிக்கும் முறையையும் பழுதைக் கண்டறியும் தர்க்கத்தையும் திருத்தி, 2023 பிப்ரவரி 10-இல் இரண்டாவது எஸ்எஸ்எல்வி வெற்றியாகப் போனது.

இதற்கு ஒரு மூத்த சகோதரன் உண்டு. 1996 ஜூன் 4-இல் ஐரோப்பாவின் ஏரியான் 5 முதல் பயணம். திசையறியும் கணினியில் 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் கட்டளை. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. ஏரியான் 4-க்கு எழுதிய நிரல் அது. அந்த ராக்கெட்டில் எண் ஒருபோதும் அவ்வளவு பெரிதாகாது. ஏரியான் 5 வேகமானது. சுமார் 37-ஆவது விநாடியில் எண் அடங்கவில்லை, விதிவிலக்கு எழுந்தது. அதற்கு ஹேண்ட்லர் இருந்தது என்பதுதான் வேதனை. ‘விதிவிலக்கு எழுந்தால் வன்பொருள்தான் பழுதாகியிருக்கும், கணினியை நிறுத்திவிட்டு மாற்றுக் கணினிக்குப் போ’ என்பது விதி. மாற்றுக் கணினியிலும் அதே நிரல். அது 72 மில்லி விநாடி முன்னதாகவே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. நின்ற கணினி அனுப்பிய பழுதுக் குறிப்பைப் பறக்கும் தகவல் என்று எண்ணி ராக்கெட் வளைந்தது, உடைந்தது. அந்தக் கணக்கே ராக்கெட் தரையை விட்டு எழுந்த பிறகு தேவையில்லாதது.

இரண்டு ராக்கெட்டிலும் சில்லு தன் வேலையைச் சரியாகச் செய்தது. கதவைத் திறந்து, ‘இங்கே ஏதோ ஆகிவிட்டது’ என்று காட்டியது. கதவுக்கு அப்பால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த மனிதர்கள், அது எங்கே, எந்த நேரத்தில் நடக்கும் என்பதை முழுதாக நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு கண அதிர்வை நிரந்தரப் பழுது என்று கொள்வதும், எண் பெரிதானதை வன்பொருள் சாவு என்று கொள்வதும் ஒரே வகைப் பிழை.

இதற்கு மாறாக, ‘நிறுத்து’ என்பதே சரியான விடையான நாளும் ஸ்ரீஹரிகோட்டாவில் உண்டு. 2023 அக்டோபர் 21, ககன்யான் திட்டத்தின் தப்பிக்கும் அமைப்புக்கான சோதனை. கிளம்ப ஐந்து விநாடி இருக்கும்போது ஏவுதலைக் கவனித்துக்கொண்டிருந்த தரைக் கணினி ஏதோ ஒத்துப்போகவில்லை என்று எல்லாவற்றையும் நிறுத்தியது. காரணத்தைக் கண்டு சரிசெய்து, காலை பத்து மணிக்கு ஏவினார்கள், சோதனை வெற்றி. தரையில் நிற்கும் ராக்கெட்டுக்கு நிற்பது பாதுகாப்பு. பறக்கும் ராக்கெட்டுக்கு நிற்பது அழிவு. ஒரே விதிவிலக்கு, இடத்தைப் பொறுத்து இரண்டு விடை.

படகில் இருக்கும் கருவிக்கு எது பாதுகாப்பு? நமது பொறியியல் மாணவர்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. சில்லு நிறுவனம் தரும் தொடக்கக் கோப்பில் எல்லா விதிவிலக்குகளுக்கும் ஒரு இயல்பு ஹேண்ட்லர் எழுதியிருக்கும். அதில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான்: தன்னிடமே திரும்பத் தாவும் முடிவில்லாச் சுழல். ஆய்வக மேசையில் இது வசதி. சில்லு அந்த இடத்திலேயே நிற்கும், பிழைநீக்கக் கருவியை மாட்டி என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். அதையே மாற்றாமல் படகில் ஏற்றினால், கருவி கடலில் ஒருமுறை தடுக்கினால் அவ்வளவுதான். அதைவிடக் கொடுமை, பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விளக்கு இணைந்த காலின் மின்னழுத்தம் கடைசியாக வைத்த நிலையிலேயே நிற்பதால், செயலி செத்த பிறகும் கருவி உயிரோடு இருப்பதாகத் தோன்றும். விளக்கைப் பார்த்து நம்பிக்கையோடு காத்திருப்பார்கள்.

இதற்கென்றே பல சில்லுகளில் வாட்ச்டாக் டைமர் இருக்கிறது. தனிக் கடிகாரத்தில் ஓடும் எண்ணி. நிரல் குறித்த நேரத்துக்குள் அதைத் தட்டாவிட்டால் சில்லையே மறுதொடக்கம் செய்துவிடும். எங்கிருந்து தட்டுகிறோம் என்பது முக்கியம். டைமர் குறுக்கீட்டின் ஹேண்ட்லரில் அந்தத் தட்டலை வைப்பது பரவலான தவறு. மையச் சுழல் எங்கோ மாட்டிக்கொண்டாலும் குறுக்கீடுகள் வந்துகொண்டுதான் இருக்கும், வாட்ச்டாகும் ஏமாந்துகொண்டுதான் இருக்கும். மையச் சுழல் தன் எல்லா வேலையையும் ஒரு சுற்று முடித்தது உறுதியான பிறகே தட்ட வேண்டும்.

மறுதொடக்கம் ஆனால் மட்டும் போதுமா? அபாயச் செய்தி பாதி அனுப்பிய நிலையில் சில்லு மறுதொடக்கம் ஆகிறது. புதிதாக விழித்த நிரலுக்குப் பொத்தான் அழுத்தப்பட்டதே தெரியாது. மறுபடி தூங்கப் போய்விடும். அழுத்தியவர் தண்ணீரில் இருக்கலாம், இரண்டாம் முறை அழுத்த அவரால் முடியாமல் போகலாம். அதனால் பொத்தான் உறுதியான உடனே, வேறு எதையும் செய்வதற்கு முன், ‘அபாய நிலை’ என்ற ஒற்றைக் குறிப்பை மறுதொடக்கத்திலும் அழியாத நினைவகத்தில் எழுத வேண்டும். விழிக்கும் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக அதைப் படிக்க வேண்டும். ஏன் மறுதொடக்கம் ஆனது என்று சொல்லும் ரிஜிஸ்டரும் சில்லிலேயே இருக்கிறது. அதையும், தடுக்கிய முகவரியையும் சேமித்தால் கரைக்கு வந்த பிறகு காரணம் தெரியும். இவ்வளவுக்கும் சேர்த்து நூறு வரி நிரல் ஆகாது.

சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டரில் பழவேற்காடு. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள். மீனவர்களுக்கான கருவியைத் தங்கள் திட்டப்பணியாக எடுக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அது நல்ல விஷயம். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தொடக்கக் கோப்பைத் திறந்து அந்த இயல்பு ஹேண்ட்லரைத் தேடுங்கள். அதில் என்ன எழுத வேண்டும் என்பதைக் கணினி அறையில் உட்கார்ந்து முடிவுசெய்யாமல், முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து கரையேறிய அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டு எழுதுங்கள்: கை ஈரமாக இருந்ததா, எவ்வளவு நேரம் பொத்தானை அழுத்திப் பிடிக்க முடிந்திருக்கும், எந்த விளக்கை நம்பியிருப்பார்கள் என்று. பிறகு கருவி அபாயச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே, வேண்டுமென்றே ஒரு செல்லாத கட்டளையை அதற்குக் கொடுங்கள். அது தடுக்கி விழுந்து, தானே எழுந்து, அதே செய்தியை விட்ட இடத்திலிருந்து அனுப்பினால் மட்டும் படகில் ஏற்றுங்கள்.